பேர், பியர்சன், விங், ஹோவட்: நாலு கிழட்டு வில்லும் நானும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது ராமாயணப் பதிவு இல்லை. சிவதனுசு, காண்டீபம் எதுவும் வராது. அமெரிக்காவுல 1960, 70-கள்ல செஞ்ச ரீகர்வ் வில்லுகளை வாங்கி, இழுத்து, அம்பு விட்டுப் பார்த்த கதை. நடுவுல கொஞ்சம் சுயபுராணமும் கொஞ்சம் பட்டாசும் வரும். அச்சங்குளத்துக்காரன் எதைப் பத்தி எழுத ஆரம்பிச்சாலும் அது வந்துடும், பொறுத்துக்குங்க மக்களே.

எங்க ஊர் கரிசக்காடு. சின்ன வயசுல நாங்க செஞ்ச வில்லு, கருவேல விளாரை வளைச்சு சாக்குச் சணலைக் கட்டினது. அம்பு, சோளத்தட்டை. நுனியில ஒரு முள்ளைச் சொருகிட்டா அர்ஜுனன் ரெடி. அந்த வில்லு ரெண்டு நாள்ல வளைஞ்சது வளைஞ்சபடியே நின்னுடும், அப்புறம் அடுப்புக்குப் போயிடும். இஞ்சினியரிங் முடிச்சு, சென்னையில பொட்டி தட்ட ஆரம்பிச்சு, ஆன்சைட்ல மிச்சிகன் போய் இறங்கினப்போ என் வில்வித்தை அனுபவம் மொத்தமும் அவ்வளவுதான்.

மிச்சிகன்ல மான் வேட்டை ஒரு திருவிழா மாதிரி. அக்டோபர் 1-ல வில் சீசன், நவம்பர் 15-ல துப்பாக்கி சீசன். அந்த நவம்பர் 15-க்கு ஸ்கூல் லீவு விடற ஊர்களே உண்டு. நம்ம ஊர்ல பொங்கலுக்கு அடுத்த நாள் எவனும் ஆபீஸ் வரமாட்டான்ல, அந்த மாதிரி டீம்ல பாதிப் பேரைக் காணோம். மீதி இருந்த ஒரு பெரியவர், "சும்மா உட்கார்ந்து என்ன பண்ணப் போற, வா"ன்னு ஒரு வில் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். நான் வேட்டைக்குப் போகலை, போகப்போறதும் இல்லை. ஆனா அன்னிக்கு இழுத்த வில்லு என்னைப் புடிச்சுக்கிச்சு.

ரீகர்வ்னா என்னன்னு ரெண்டு வரி சொல்லிடறேன். சாதா வில்லு ஒரே பக்கமா வளையும். ரீகர்வ் வில்லோட ரெண்டு நுனியும் எதிர்ப்பக்கமா, எய்யறவனுக்கு எதிர்த் திசையில சுருண்டிருக்கும். நாண் ஏத்தினா அந்தச் சுருள் மேல நாண் படிஞ்சு கிடக்கும். இழுக்க இழுக்க அது விலகி, நெம்புகோல் நீளமான மாதிரி ஆயிடும். அதனால கடைசி ரெண்டு இஞ்சுல கை திணறாது. விடும்போது நுனி இன்னும் வேகமா வீசும். 1940-கள் கடைசியிலிருந்து மர உள்ளீட்டுக்கு ரெண்டு பக்கமும் ஃபைபர்கிளாஸ் ஒட்டி செய்ய ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரு முப்பது வருஷம் அமெரிக்காவுல இந்த வில்லுக்குப் பொற்காலம். 1970-கள்ல கப்பி வச்ச காம்பவுண்ட் வில் வந்து அதைக் கவுத்துப் போட்டுடுச்சு. அப்போ ஒதுக்கி வச்ச வில்லெல்லாம்தான் இப்போ கராஜ் சேல்ல நூறு, நூத்தம்பது டாலருக்கு வருது.

முதல்ல வாங்கினது பேர் கிரிஸ்லி. ஆமாங்க, கம்பெனிப் பேரே 'பேர்'தான். கரடின்னு அர்த்தம். அதை ஆரம்பிச்சவரும் ஃப்ரெட் பேர். 1933-ல டெட்ராய்ட்ல சின்னதா தொடங்கி, 1947-ல வடக்கு மிச்சிகன்ல கிரேலிங்ங்கிற ஊருக்குக் கம்பெனியைக் கொண்டு போனார். 1968-ல கம்பெனி கை மாறிச்சு. கிரேலிங்ல ஸ்ட்ரைக் எல்லாம் நடந்து, 1978-ல ஆலை ஃப்ளோரிடாவுல கெயின்ஸ்வில்லுக்குப் போயிடுச்சு. அதனால வில்லு மேல 'கிரேலிங், மிச்சிகன்'னு எழுதியிருந்தா அதுக்கு ஒரு தனி மவுசு. நம்மாளுங்க 'அசல் சாத்தூர் சேவு'ன்னு கேட்டு வாங்கற மாதிரி.

இந்த கிரிஸ்லி வாங்கினதுல ஒரு கூத்து. விக்கிறவர் சத்தியம் பண்றார், இது 1953-ல செஞ்சதுன்னு. ஏன்னா வில்லு மேலயே 'கனடா 1953'ன்னு அச்சடிச்சிருக்கு. நான் பொறந்தது லேபிள் அச்சடிக்கிற சிவகாசி பக்கம். லேபிள்ல இருக்கிற வருஷத்தை அப்படியே நம்பக் கூடாதுன்னு தாய்ப்பால்லயே வந்த அறிவு. போய் நோண்டிப் பார்த்தா, அது கனடாவுல காப்புரிமை வாங்கின வருஷம். அதுக்கப்புறம் பல வருஷம் வந்த வில்லுல எல்லாம் அதே வரிதான். வயசைப் பார்க்கணும்னா கைப்பிடிக்கு மேல பதிச்சிருக்கிற வட்டக் காசைப் பாக்கணும். மரத்தோட மட்டமா பதிச்ச காசுன்னா 1959-லிருந்து 1972 வரைக்கும். அதுல பித்தளைக் காசுன்னா 1963-க்கும் 1970-க்கும் நடுவுல. நம்ம வில்லுல இருந்தது பித்தளை. பெரியவர் கிட்ட மெதுவா சொன்னேன். சிரிச்சுட்டு முப்பது டாலர் குறைச்சார்.

அதோட குணம்? 58 இஞ்ச் வில்லு, 45 பவுண்டு. முரட்டுத்தனமா இருக்கும், ஆனா தப்புக்கு மன்னிக்கும். கை லேசா நடுங்கினாலும் அம்பு பக்கத்துல போய் நிக்கும். கைப்பிடி எனக்குக் கொஞ்சம் தடிமன். அந்தக் கம்பெனியோட கோடியாக் மேக்னம்னு 52 இஞ்ச் குட்டை வில்லு ஒண்ணு உண்டு, புதருக்குள்ள வேட்டைக்குப் போறவங்களுக்குன்னே செஞ்சது. கூடத்துல ஒருத்தர் இழுத்துப் பார்க்கக் குடுத்தார். கடைசி இஞ்சுல நாண் ரெண்டா மடங்கி என் மூணு விரலையும் சேர்த்துக் கவ்விடுச்சு. அம்மாடி. குட்டை வில்லுன்னா அப்படித்தான். என் கை நீளத்துக்கே (27 இஞ்ச் இழுப்பு) இந்தக் கதின்னா ஆறடிக்காரன் பாடு?

இங்க பவுண்டு கணக்கை ஒரு தடவை சொல்லிடணும். வில்லுல 45-ன்னு எழுதியிருந்தா 28 இஞ்ச் இழுத்தா 45 பவுண்டு. ஒரு இஞ்ச் குறைஞ்சா சுமாரா ரெண்டரை பவுண்டு குறையும். நம்ம ஊர் உடம்புக்கு 26, 27-தான் வரும். அதனால 45-ன்னு வாங்கினாலும் கையில வர்றது நாப்பது சொச்சம்தான். இதே கணக்குல வல்வில் ஓரியை நினைச்சா தலை சுத்துது. யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு ஒரே அம்பு அஞ்சையும் துளைச்சதாப் புறநானூறு சொல்லுதே, அது எத்தனை பவுண்டு சாமி? கொல்லிமலை செம்மேட்டுல அவருக்குச் சிலை இருக்கு. ஆடி மாசம் விழா எடுத்து வில்வித்தைப் போட்டியும் வைக்கிறாங்க. ஒரு வருஷம் போகணும்.

அடுத்தது பென் பியர்சன். அர்க்கன்சா மாநிலம் பைன் பிளஃப் ஊர்க்காரர். வில்லையும் அம்பையும் ஆலையில வச்சு ஆயிரக்கணக்குல செஞ்சு, கடைகடையா அனுப்பி, சாமானியன் கைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவர்னு இவரைத்தான் சொல்லணும். மஸ்டாங், பாலோமினோ, கோல்ட்னு குதிரைக் கூட்டமே அவரோட வில்லுப் பேரா இருக்கும். 'கோல்ட்'னதும் தங்கம்னு நினைச்சுடாதீங்க, குதிரைக்குட்டி. நான் வாங்கினது அந்தக் குதிரைக்குட்டிதான், 30 பவுண்டு. அறுபது டாலர்.

சேகரிக்கிற ஆளுங்க பியர்சனைப் பத்திப் பெருசா பேசமாட்டாங்க. நிறைய செஞ்சதால அரிதில்லை, அரிதில்லைன்னா மவுசும் இல்லை. எனக்கு அந்தக் கணக்குல உடன்பாடு கிடையாது. ஒரு நாள்ல இத்தனைன்னு செய்யற இடத்துல, அறுபது வருஷம் கழிச்சும் நுனி திருகாம நிக்கிற சரக்கைச் செய்யறது லேசுப்பட்ட வேலையா என்ன? பளபளப்பு குறைச்சல்தான், கைப்பிடியில மரவேலை சாதாரணம்தான். ஆனா இழுத்தா பதமா வரும். கத்துக்கிறவனுக்கு இதைவிட நல்ல வில்லு வேண்டாம்.

மூணாவது விங். டெக்சாஸ் ஜாக்சன்வில்ல பாப் லீ ஆரம்பிச்ச கம்பெனி. என்கிட்ட வந்தது ரெட் விங் ஹன்டர். லேபிள்ல 'ஏ.எம்.எஃப் விங்'னு இருந்ததால 1970-கள் சரக்குன்னு தெரிஞ்சது. ஏ.எம்.எஃப் யாருன்னா பவுலிங் மெஷின் செஞ்சு பெரிய ஆளான கம்பெனி. அந்தக் காலத்துல ஹார்லி டேவிட்சனையும் அவங்கதான் வச்சிருந்தாங்க. பாப் லீ பின்னால தன் பேரிலேயே மறுபடி வில்லு செய்ய உட்கார்ந்துட்டார். வித்துட்டுப் போன கடைக்கு எதிர்லயே கடை போடற நம்மூர் மிட்டாய்க்காரர் ஞாபகம் வந்தது. நாலுல வேகமான வில்லு இதுதான், சந்தேகமே இல்லை. அழகும் இதுதான். ஆனா கையில ஒட்டலை. வேகமான வில்லுக்குக் கோபமும் சாஸ்தி. விரலை லேசா இழுத்து விட்டா அம்பு ஒரு சாண் தள்ளிப் போகும். எனக்கு முன்னால ஒருத்தர் அதை வச்சு மஞ்சள் வட்டத்துக்குள்ளயே ஆறு அம்பையும் போட்டார், அதனால குறை வில்லுல இல்லை.

நாலாவதைத்தான் உக்காந்து எழுதணும்னு ஆசை. டேமன் ஹோவட். வாஷிங்டன் மாநிலத்துல யாகிமா. ஆப்பிள் விளையற ஊர். 1976-ல மார்ட்டின் கம்பெனி இதை வாங்கிக்கிட்டு, அதுக்கப்புறமும் ஹோவட் பேரை விடாம வச்சிருந்தாங்க. அவங்க வில்லுல 'ஹன்டர்'னு ஒண்ணு, 62 இஞ்ச். பார்த்த உடனே எதுவும் தோணாது. கையில எடுத்தா கைப்பிடி, நம்ம கைக்கு அளவெடுத்த செருப்பு மாதிரி உக்காரும். நீளமான வில்லுங்கறதால இழுக்கும்போது எங்கயும் முட்டாது. முதல் இஞ்சுல எப்படி வந்ததோ அப்படியே கன்னம் வரைக்கும் வரும். விட்டா சத்தம் கூட 'டப்'னு அடக்கமா இருக்கும். வேகம் விங் அளவுக்கு இல்லை. ஆனா சாயங்காலம் ஆணி புடுங்கி முடிச்சு, தலை கனத்துப் போய், எதையும் யோசிக்காம பத்து அம்பு விடணும்னா கை தானா இதைத்தான் எடுக்கும். வாங்கினது நூத்தி எழுபது டாலர். இன்னும் நூறு கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன், அவர்கிட்ட சொல்லலை.

ஹாய்ட்டையும் யமஹாவையும் விட்டுட்டியேன்னு தெரிஞ்சவங்க சண்டைக்கு வருவாங்க. ரெண்டும் குறி பார்த்து அடிக்கிற போட்டிக்காரங்க சாதி. செயின்ட் லூயிஸ்ல எர்ல் ஹாய்ட் செஞ்ச ப்ரோ மெடலிஸ்ட் வில்லை ஒரு அரை மணி நேரம் வச்சிருந்தேன். தராசு மாதிரி அசையாம நிக்கும். 1983-ல அந்தக் கம்பெனி ஈஸ்டன் கைக்குப் போச்சு. யமஹா 1959-லிருந்து 2002 வரைக்கும் வில்லு செஞ்சாங்கன்னு பைக் ஓட்டற எத்தனை பேருக்குத் தெரியும்? நான் தொட்டுப் பார்த்ததோட சரி. சொந்தமா வச்சுப் பழகாததைப் பத்தித் தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை.

இப்போ பட்டாசு. கன்னம் வரைக்கும் இழுத்துப் புடிச்ச வில்லுக்குள்ள எவ்வளவு சக்தி இருக்குன்னு ஒரு நாள் கணக்குப் போட்டேன். என் இழுப்புக்கு ஏறக்குறைய அஞ்சு கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் தூக்கற சக்தி. கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா அது கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள வெளிய வருது. அம்பு இருந்தா பெரும்பங்கை அது எடுத்துட்டுப் போயிடும். அம்பு இல்லாம நாணை விட்டா மொத்தமும் வில்லுக்குள்ளயே திரும்பும். ஒட்டு விடும், நுனி தெறிக்கும். அதனாலதான் எந்தக் கூடத்துலயும் முதல் பாடம், வெறும் நாணை இழுத்து விடாதே.

இந்த நாலு போக அஞ்சாவது ஒண்ணு வாங்கினேன். யார் செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். தப்பு செஞ்சவங்க மேல இருக்கணும்னு இல்லை, அறுபது வருஷம் எவன் வீட்டுப் பரண்ல வெந்துச்சோ. மூணாவது அம்புல மேல் கை ஒட்டு விட்டு, காதுக்குப் பக்கத்துல ஒரு சத்தம். கண்ணாடிச் சிலும்பு ஒண்ணு கண்ணாடி ஃப்ரேம்ல பட்டு விழுந்தது. கூட இருந்தவங்க ஓடி வந்தாங்க. எனக்குக் கை நடுங்கினது வில்லுக்காக இல்லை. அந்தச் சத்தத்துக்கு என் உடம்பு வேற ஒரு நாளைத் தேடிப் போயிடுச்சு.

எங்க ஊர்ப் பேரைத் தேடினா முதல்ல வர்றது 2021 பிப்ரவரி 12. அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிச்சு இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப்போன நாள். கொரோனாவால அப்போ ஊர்ல உட்கார்ந்துதான் வேலை பார்த்துட்டு இருந்தேன். மத்தியான நேரம், ஹெட்போன் போட்டு மீட்டிங்ல இருக்கேன், அதையும் மீறி ஜன்னல் அதிர்ந்தது. அதைப் பத்தி இதுக்கு மேல எழுத எனக்கு இன்னும் வரலை. ஒண்ணு மட்டும். எங்க அம்மாவுக்கு அன்னிலிருந்து குக்கர் விசிலுக்குக் கூடப் பயம். வீடியோ கால்ல வில்லைக் காட்டினப்போ அவங்க கேட்ட ஒரே கேள்வி, "ஏய்யா, இது வெடிக்குமா?"

"வெடிக்காதும்மா, வெறும் கட்டை"ன்னு சொல்லி வச்சிருந்தேன். அஞ்சாவது வில்லுக்கப்புறம் அந்த வாக்கியத்தை அப்படியே விட மனசு வரலை. போன் பண்ணி அப்பாகிட்ட நடந்ததைச் சொன்னேன். அவர் பயராபீஸ்ல முப்பது வருஷம். திட்டுவார்னு பார்த்தா, "எப்படி ஒட்டியிருக்கான்? பசையா?"ன்னு கேட்டார். மரம், கண்ணாடி, பசைன்னு விளக்கினேன். "அப்போ ஓரத்தைப் பாரு. காகிதக் குழாயும் அப்படித்தான், விடறதுன்னா ஓரத்துலதான் முதல்ல விடும். கண்ணால பாக்காத, நகத்தால தடவு." அமெரிக்கக்காரங்க பஞ்சைச் சுத்தின குச்சியால ஓரத்தைத் தடவி, நூல் மாட்டுதான்னு பார்ப்பாங்க. அப்பா நகத்தை வச்சு சொன்னது அதே பாடம். அப்புறம் நாலு வில்லையும் வரிசையா வச்சு ஓரம் தடவினேன். கண்ணாடி மேல மயிரிழை மாதிரிக் கோடுகள் இருந்தது, அது வயசானா முகத்துல விழற சுருக்கம் மாதிரி, பயமில்லை. எதுலயும் ஒட்டு விடலை.

ஆன்சைட் முடிஞ்சு கிளம்பற நேரம் வந்தது. நாலு இஞ்ச் பிவிசி பைப்பை வெட்டி, ரெண்டு பக்கமும் மூடி போட்டா அதுக்குள்ள ரெண்டு வில்லுதான் போகும். எந்த ரெண்டு? விங்கை முதல் ஆளா குடுத்துட்டேன், அதுக்கு என்னைவிட நல்ல கை கிடைச்சது. ஹோவட் வந்தே ஆகணும். மிச்சம் கிரிஸ்லியும் பியர்சனும். மவுசுன்னு பார்த்தா கிரிஸ்லி. முதல் காதலும் அதுதான். ஆனா அது 45 பவுண்டு வேட்டை வில்லு, ஊருக்கு வந்தா சுவத்துல தொங்கும். டீம்ல ஒருத்தன் மானுக்குக் கேட்டுக்கிட்டே இருந்தான். மான் இருக்கிற ஊர்லயே இருக்கட்டும்னு குடுத்துட்டேன். குடுத்துட்டு ரெண்டு நாள் சோறு இறங்கலை, அது வேற.

குதிரைக்குட்டியைக் கொண்டு வந்ததுக்குக் காரணம் அக்கா பொண்ணு. எட்டாவது படிக்கிறா. நம்ம நாட்டுல வில் படிக்கணும்னா மூங்கில் வில்லுல ஆரம்பிக்கலாம். 'இந்தியன் ரவுண்ட்'னு 30, 50 மீட்டர்ல மூங்கில் வில்லுக்குன்னே தேசியப் போட்டி இருக்கு. ஜார்க்கண்ட் தீபிகா குமாரி தொடங்கினதும் வீட்டுல செஞ்ச மூங்கில் வில்லுலதான். ஆனா ஜாம்ஷெட்பூர்ல 1996-லிருந்து டாடா அகாடமி இருக்கற மாதிரி நம்ம மாவட்டத்துல எதுவும் என் கண்ணுல படலை. சென்னையில ஷிஹான் ஹுசைனி நூத்துக்கணக்கான பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தார், அவரும் 2025 மார்ச்ல போயிட்டார். மூங்கில் வில்லுலிருந்து புது ரீகர்வுக்குப் போகணும்னா லட்சக்கணக்குல ஆகும். நடுவுல ஒரு படிக்கட்டு வேணும்ல? அதுக்கு அறுபது டாலர் குதிரைக்குட்டி போதும்.

வீட்டுல பைப்பைத் திறந்ததும் அப்பா முதல்ல ஹோவட்டை எடுத்தார். நாணே ஏத்தாம, மடியில கிடத்தி, நுனியிலிருந்து நுனி வரைக்கும் நகத்தை ஓட்டினார். ரெண்டு தடவை. "பசை போட்டவன் அவசரப்படாம போட்டிருக்கான்"னார். பியர்சனையும் அதே மாதிரி பார்த்துட்டு, "இதுவும் மோசமில்லை, கொஞ்சம் வேகமா செஞ்சிருக்காங்க." மாசக்கணக்கா நான் பண்ணின ஒப்பீட்டை மனுஷன் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டார். அவ்வ்வ்.

அம்மா இன்னும் பக்கத்துல வரலை. கண்மாய்க் கரையில சோளத்தட்டைப் படப்புக்கு முன்னால நாலு சாக்கைத் தைச்சு வச்சுக் குறி. பதினைஞ்சு மீட்டர்லிருந்து அக்கா பொண்ணு விடறா, அம்மா தெருமுக்குல நின்னு பாக்கிறாங்க. போன ஞாயிறு கொஞ்சம் கிட்ட வந்தாங்க, வேப்பமரம் வரைக்கும்.

இப்போ ஒரு உதவி வேணும் மக்களே. இந்தக் காலத்து வில்லுக்கு டேக்ரான் நாண்தான் போடணும். இப்போ கடையில கிடைக்கிற இழுபடாத புது நூலைப் போட்டா பழைய நுனி தாங்காது. கொண்டு வந்ததுல ஒண்ணு புரி விட ஆரம்பிச்சிடுச்சு. 62 இஞ்ச் வில்லுன்னா நாண் நாலு இஞ்ச் குறைச்சலா, 58. சென்னையிலயோ மதுரையிலயோ டேக்ரான்ல நாண் கட்டித் தர்ற ஆள் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. கண்ணி ரெண்டு பக்கமும் முறுக்கிக் கட்டினதா இருக்கணும், முடிச்சுப் போட்டது வேண்டாம்.